கனம் பார்த்து வாங்கிய ஆம்ளிபயர்

வேலப்பன் எனக்குத் தர வேண்டியது எழுநூற்று நாற்பது ரூபாய். எண்பதாம் வருசம் தவக்காலம் தொடங்கியபோது கணக்கு அப்படி நின்றது. வட்டி கிடையாது. அவனுக்கும் எனக்கும் நடுவில் வட்டி என்ற பேச்சே வந்ததில்லை.

வேலப்பன் பழனிக்காரன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படி ஏறினால் மூன்றாவது கடை, ரேடியோ ரிப்பேர். நான் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பூம்பாறையிலிருந்து வருகிற பூண்டும் உருளைக்கிழங்கும் என் முதுகு வழியாகத்தான் லாரி ஏறும். மழை நாளில் லாரி வராவிட்டால் அவன் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ரேடியோவைக் கழற்றி வைக்க அவன் மேசையில் பழைய பேப்பர் விரித்திருப்பான். அந்தப் பேப்பரில்தான் எனக்கு எழுத்துக் காட்டிக் கொடுத்தான். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயசு. 'ஏலே சூசைமாணிக்கம், ஒன் பேருல 'சை'க்கு ரெட்டைக் கொம்பு இருக்கு பாரு, ஆட்டுக்கெடா மாதிரி' என்று சிரிப்பான். என்னை மாப்ள என்பான், என் மனைவி லீமாவைத் தங்கச்சி என்பான். கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு, தைப்பூசத்துக்கு அவன் வீட்டுப் பஞ்சாமிர்தம். அப்படி ஒரு பழக்கம்.

இனி, அந்தக் கடனுக்குக் காரணமான இரண்டு பெட்டிகளைச் சொல்ல வேண்டும்.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மேல் மேட்டில் ஹார்லன் என்று ஒரு வெள்ளைக்கார வாத்தியார் குடியிருந்தார். அவருக்கு விறகு பிளந்து கொடுக்கப் போவேன். சாயங்காலம் அவர் வீட்டில் பாட்டு வைப்பார். பாட்டு எனக்குப் புரியாது. ஆனால் அந்தப் பாட்டுக்காரி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது சன்னலுக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும். கோடாரியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். சத்தம் ஒன்றும் பெரிசில்லை. ஆனாலும் வீட்டுக்குள் ஆள் நின்று பாடுகிற மாதிரியே இருக்கும்.

எழுபத்தொன்பதாம் வருசக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர் ஒரேயடியாக ஊருக்குப் போனார். சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றியது நான். கடைசியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் மிஞ்சின. ஒவ்வொன்றும் மார்பு உயரம், உள்ளே மரத்திலேயே செய்த குழல் மடிந்து மடிந்து போய் முன்பக்கம் வாய் திறந்திருக்கும். கப்பலில் ஏற்றக் கட்டுப்படியாகாது என்றார். அவற்றைத் தட்டிக் காட்டி, 'இது உனக்கு, மாணிக்கம்' என்றார். நான் நம்பாமல் நின்றேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முதுகில் ஏற்றி வீட்டுக்கு இறக்கினேன். பெட்டிகளைப் பாட வைக்கிற கருவியை, ஆம்ளிபயரை மட்டும் அவர் விடவில்லை. சோற்றுச் சட்டி அளவுதான் இருக்கும், மேலே கண்ணாடிக் குமிழ்கள் சிவப்பாக எரியும். அதைக் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிக் கையிலேயே எடுத்துப் போனார்.

அன்று ராத்திரியே லீமாவிடம் சொன்னேன். மூட்டை போதும். இடது முழங்கால் படி இறங்கும்போது மடங்க மாட்டேன் என்கிறது. பஸ் நிற்கிற வளைவில் காளியாயி அக்காவின் அறை காலியாக இருக்கிறது. டீக்கடை போடுவோம். இந்தப் பெட்டி இரண்டையும் வைத்துப் பாட்டுப் போட்டால் டவுனிலிருந்துகூட ஆள் நடந்து வரும்.

'பாட்டு கேக்க வர்றவன் டீ குடிப்பானாங்க?' என்றாள்.

'குடிக்காமப் போக முடியாது பாரு.'

காளியாயி அக்கா ஈஸ்டர் வரை பொறுப்பதாகச் சொன்னாள். அதற்குள் முன்பணம் தர வேண்டும். மண்டியில் எங்கள் ஆட்கள் சேர்ந்து போடுகிற சீட்டைத் தள்ளி எடுத்தேன். கழிவு போகத் தொள்ளாயிரம் கையில் வந்தது. மாசாமாசம் அதற்குக் கட்டியாக வேண்டும். முதலில் ஆம்ளிபயர், மிச்சம் இருப்பதோடு இன்னும் கொஞ்சம் புரட்டி அறைக்கு முன்பணம் என்று திட்டம்.

வேலப்பன் வீட்டுக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தான். டார்ச் அடித்து அந்தக் குழலுக்குள் தலையை விட்டான். ரொம்ப நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

'என்னப்பா, உள்ள குடியிருக்கப் போறியா?' என்றேன்.

'சாமான் இருக்கு மாப்ள' என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கடையில் இரண்டு ஆம்ளிபயர்களை மேசை மேல் வைத்தான். ஒன்று அவனே பழைய ரேடியோக்களைப் பிரித்துச் செய்தது. தகர மூடி, மேலே நாலு வால்வு, சின்னது. ஐந்து வாட் என்றான். இன்னொன்று பழனியில் மைக் செட் வைத்திருந்தவன் தொழிலை விட்டபோது இவன் தலையில் கட்டியது. திருவிழாவுக்குத் தெருத்தெருவாகக் குழாய் கட்டிப் பாட வைத்த உருப்படி, அறுபது வாட். கைப்பிடி இரண்டு, பச்சைப் பெயிண்ட், பின்னால் இரும்புத் துண்டு மாதிரி டிரான்ஸ்பார்மர்.

'எது வேணும்னு நீயே சொல்லு' என்றான்.

'எனக்கு என்ன தெரியும்?'

'ஏன் தெரியாது? தூக்கிப் பாரு. எது எவ்வளவு தாங்கும்னு ஒன் முதுகுக்குத் தெரியாததா?'

மண்டியில் அப்படித்தான். பூண்டு காய்ந்திருக்கிறதா ஈரமா என்று மூட்டையைப் பிரிக்காமலே சொல்லுவோம். கிழங்கு மூட்டையில் மண் போட்டு ஏமாற்றினாலும் தோளில் ஏறியதும் தெரிந்துவிடும். கனமான சாமான் நல்ல சாமான், உள்ளே சரக்கு இருக்கிறது. சின்னதை ஒரு கையால் தூக்கினேன், வெற்று டப்பா மாதிரி வந்தது. தள்ளி வைத்தேன். பெரியதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது, இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. மார்பு உயரப் பெட்டிக்கு இதுதானே பொருத்தம்?

ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன்.

'அந்த வாத்தியார் வெச்சிருந்தது சின்னதால்ல இருந்துச்சு? சோத்துச்சட்டி கணக்கா.'

வேலப்பன் என்னைப் பார்க்கவில்லை. பச்சைப் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'அது முன்னால வெக்கிற பெட்டி மாப்ள. பெரிசு உள்ரூம்ல எங்கயாச்சும் இருந்திருக்கும், நீ பாத்திருக்க மாட்ட' என்றான்.

அந்த வீட்டின் உள்ரூம் சாமான்களையும் நான்தான் கட்டினேன். அப்படி ஒன்று இல்லை. ஆனால் சொன்னது வேலப்பன். எழுநூற்று நாற்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு அதைத் தோளில் வைத்து வீடு வரை நடந்தேன்.

வேலப்பன் தன் கடை ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து, வயர் கொடுத்து சுவிட்சைப் போட்டான். வால்வு சூடாக ஒரு நிமிசம் ஆனது. பிறகு இசைத்தட்டு வைப்பதற்கு முன்பே பெட்டி இரண்டும் உறுமத் தொடங்கின. ம்ம்ம் என்று ஒரே சீராக, சுவரில் தொங்கிய தட்டு அதிர்கிற மாதிரி. சத்தம் குறைக்கும் திருகை முழுக்கத் திருப்பி அடைத்தான். அப்போதும் அதே உறுமல்.

'ஏங்க, மாவு மில்லா டீக்கடையா?' என்றாள் லீமா.

இசைத்தட்டை வைத்தான். பாட்டு வந்தது, லாரி எஞ்சினுக்குப் பின்னால் ஆள் நின்று பேசுகிற மாதிரி. திருகைக் கடுகளவு கூட்டினால் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குறைத்தால் உறுமல் மட்டும். வேலப்பன் ஒரு பெட்டியின் குழலுக்குள் காதை வைத்துக் கேட்டான். அந்த உறுமலுக்குள் பாட்டை அவன் எப்படிக் கேட்டானோ, முகம் மாறிப்போனது. அப்போது அது வருத்தம் என்று நினைத்தேன்.

எழுந்து வந்து தோளில் கை போட்டான். 'மாப்ள, ஆம்ளிபயர் மேல குத்தமில்ல. பெட்டிதான். உள்ள அதிர்ந்து பாடுறது காகிதம். கொடைக்கானல் பனியில நமத்துப் போயிருச்சு. அப்பளம் நமத்தா மொறுமொறுங்குமா?'

'வாத்தியார் வீட்டுல நல்லாப் பாடுச்சேப்பா.'

'அவரு வீட்டுல கணப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இங்க ஓட்டு வீடு. ரெண்டு வாரத்துல ஈரம் எறங்கிருச்சு.'

நமத்துப்போவது இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தீப்பெட்டி நமத்துப்போகும், உப்பு நமத்துப்போகும், துவைத்த துணி மூன்று நாள் ஈரமாகவே கெடக்கும். பெட்டி நமத்துப்போகாது என்று எந்த வாயால் சொல்லுவேன்?

மதுரையில் காகிதம் மாற்றித் தருகிற ஆள் இருக்கிறான், கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றான். பச்சை ஆம்ளிபயரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பணத்தை ஈஸ்டருக்குள் தந்துவிடுகிறேன் என்றான். பெட்டி இரண்டையும் அவன் பிடித்து வந்த வேனில் நானே தூக்கி ஏற்றினேன். ஓரம் அடிபடாமல் இருக்கச் சாக்கு மடித்து வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் படியேறிப் போனேன்.

'மதுரைக்காரன் கையை விரிச்சுட்டான் மாப்ள. பலகைக்குத்தான் ஆகும்னான். அங்கனயே போட்டுட்டு வந்துட்டேன். இந்தா, பலகைக் காசு.' நாற்பது ரூபாய். நாலு பத்து ரூபாய்த் தாள்.

'ஆம்ளிபயர் பணம்?'

'வரும். கைக்கு வந்ததும் மொத சோலி அதுதான்.'

பணம் வரவில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் மைக் செட் வேலை பார்க்கப் போய் வந்தவன் கூட்டம் சரியில்லை, வரும்படி இல்லை என்றான். அடுத்த முறை போனபோது கடைப் பையன் 'அண்ணன் வத்தலக்குண்டு போயிருக்காரு' என்றான், உள்ளே ஈயம் உருக்கி வயர் ஒட்டுகிற பற்றுக்கோலின் புகை வந்துகொண்டிருந்தது. லீமா ஒரு தரம் தானே போய்க் கேட்டாள். 'தங்கச்சி, மாணிக்கத்துக்கு இல்லாத காசா?' என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். அவள் வந்து சொன்னாள், 'டீ நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம கடை டீயா இருந்தா காசு கேட்டிருப்பேன்.'

ஈஸ்டர் வந்தது, போனது. காளியாயி அக்கா இன்னொரு வாரம் பார்த்தாள். பிறகு அந்த அறையை ஒரு சலூன்காரருக்கு விட்டாள். 'தப்பா நெனச்சுக்காத மாணிக்கம், நானும் அரிசி வாங்கணும்ல' என்றாள். அவள்மேல் குற்றமில்லை. சீட்டுப் பணம் மட்டும் மாசாமாசம் என் கூலியில் கழிந்துகொண்டிருந்தது. வேலப்பன்மேல் அப்போதும் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு முடை, அவ்வளவுதான் என்று லீமாவிடம் வாதாடினேன்.

மே மாசம், சீசன் நேரம். ஏரிச் சாலையில் இராமலிங்கம் அண்ணாச்சியின் லாட்ஜுக்கு வெள்ளனே கிழங்கு மூட்டை இறக்கப் போனோம். சமையல்கட்டுக்குப் போகிற பின்வழியில் ஏதோ வேலை நடக்கிறது என்று முன்ஹால் வழியாக வரச் சொன்னார்கள். மூட்டையோடு உள்ளே காலை வைத்தேன்.

ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பழைய சினிமாப் பாட்டு, நூறு தரம் கேட்டதுதான். ஆனால் வரி முடிந்த இடத்தில் அவள் மூச்சு இழுத்தது கேட்டது.

மூட்டையை இறக்காமலே திரும்பினேன். மூலைக்கு ஒன்றாக இரண்டும் நின்றன. புதிசாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். இரண்டையும் தனித்தனியாக முதுகில் சுமந்தவன் நான். வார்னிஷ் அடித்தால் அடையாளம் போய்விடுமா? நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் தகர மூடியும் நாலு வால்வும். வேலப்பன் கடையில் நான் ஒரு கையால் தள்ளி வைத்த அதே சின்ன ஆம்ளிபயர்.

'என்னய்யா மூட்டையோட நின்னு பாட்டு கேக்குற? எறக்கி வெச்சுட்டு வா, நல்லாக் கேளு' என்றார் அண்ணாச்சி. அவருக்கு யாரிடமாவது அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மூட்டையைச் சமையல்கட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

'இது அசல் அமெரிக்கப் பெட்டி. ரெண்டாயிரத்து எரநூறு குடுத்தேன். ஆம்ளிபயரப் பாரு, சோப்பு டப்பா மாதிரி! அஞ்சு வாட்டு. நானும் பெரிசா ஒண்ணு வையிய்யான்னுதான் சொன்னேன். ரேடியோக்காரன் வேலப்பன் தலையில அடிச்சுக்கிட்டான். இந்தக் குழல் பெட்டி கொஞ்சம் கரண்டு குடுத்தாலே வாய் விட்டுப் பாடுமாம். திருவிழா ஆம்ளிபயரு எல்லாம் உள்ளுக்குள்ள உறுமிக்கிட்டே இருக்குமாம், தெருவுல கட்டுற குழாயில அது தெரியாது. இதுல மாட்டுனா அந்த உறுமலையும் சேத்து வீடு பூராவும் கேக்க வெச்சுருமாம். அதனால சின்னது, சுத்தமானது, அதான் இதுக்கு ஜோடின்னான். மொத நாள் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டானாம். கெட்டிக்காரன்.'

'ஆமாங்க அண்ணாச்சி' என்றேன்.

'எங்க புடிச்சான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்.'

அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் காசு கொடுத்து வாங்கியவர். சொல்லி என்ன செய்ய? கூலியை வாங்கிக்கொண்டு படியேறினேன். முழங்கால் அன்று மடங்கியதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

வேலப்பன் தனியாக இருந்தான். 'வா மாப்ள, டீ சொல்லவா?' என்றான்.

'லாட்ஜுல பாட்டு கேட்டேன்.'

பற்றுக்கோலை அதன் தாங்கியில் வைத்தான்.

'நமத்துப்போன பெட்டி நல்லாப் பாடுதுப்பா' என்றேன்.

'மாப்ள, மொதல்ல அப்படி நெனைக்கலை. அந்தப் பச்சைய எப்படியாச்சும் தள்ளிவிடணும்னுதான் நெனச்சேன். ரெண்டு வருசமா கெடக்கு, போட்ட காசு வரலை. நீயே ஆசையாத் தூக்குன.'

'நீ தூக்கச் சொன்ன.'

'சரி, சொன்னேன். உறுமும்னு தெரியும். நாலு நாள் கழிச்சு நானே சின்னதைக் கொண்டாந்து மாட்டிக் குடுத்திருப்பேன். சாமி சத்தியமா. ஆனா அன்னைக்கு ஒங்க வீட்டுல அந்தக் குழலுக்குள்ள காதை வெச்சேன் பாரு... இருவது வருசமா ரேடியோ பாக்குறேன், அப்படி ஒண்ணைக் கேட்டதில்ல. அதப் போயி டீக்கடையில, கிளாஸ் கழுவுற சத்தத்துல, பீடிப் பொகையில வெக்கிறதான்னு இருந்துச்சு. அங்க அதக் கேக்க யாரு இருக்கா?'

'நான் இருந்தேன்.'

அவன் மேசையில் விரித்திருந்த பேப்பரை நீவிவிட்டான்.

'விறகு வெட்டப் போன எடத்துல நான்தானே மொதல்ல கேட்டேன். ஒங்கிட்ட வந்து சொன்னதும் நான்தானே?'

'எனக்கே வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன் மாப்ள. வீட்டுல மறைச்சு வெச்சிருந்தேன். அண்ணாச்சி வந்து ரெண்டாயிரத்து எரநூறுன்னாரு...'

'அப்ப ஒன் வீட்டுலயும் கேக்குறதுக்கு ஆளில்ல.'

மேசை டிராயரை இழுத்தான். உள்ளே பணம் கத்தையாக, ரப்பர் போட்டு இருந்தது. எச்சில் தொட்டு வெரசாக எண்ணினான், கடை திறந்த முதல் வாடிக்கைக்குச் சில்லறை கொடுப்பதுபோல. ஈஸ்டருக்கு முன்பே அது அங்கே இருந்திருக்க வேண்டும். காளியாயி அக்காவின் அறையைச் சலூன்காரர் வெள்ளையடித்த நாளிலும் இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்து லீமாவை அனுப்பியபோது அவள் முழங்கை இந்த டிராயர் மேல்தான் ஊன்றியிருந்திருக்கும்.

'எழுநூத்து நாப்பது. மேல ஐநூறு வெச்சிருக்கேன், பெட்டிக்கு. குத்தம் என்மேலதான். வாங்கிக்க.'

ஐநூறைத் தனியாக நகர்த்தி அவன் பக்கம் தள்ளினேன். மிச்சத்திலிருந்து நாலு பத்து ரூபாய்த் தாளை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

'இது எதுக்கு?'

'பலகைக் காசு. குடுத்தேல்ல, அது.'

'அது ஒனக்குக் குடுத்ததுதானே?'

'அத நான் வெச்சுக்கிட்டா பெட்டிய நான் ஒனக்கு வித்ததா ஆயிரும். நான் விக்கலை.'

'அப்ப பெட்டி என்ன கணக்குல வருது மாப்ள?'

'கணக்குல வராது.'

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவேன் என்று நினைத்திருப்பான், சட்டையைப் பிடிப்பேன் என்றுகூட நினைத்திருப்பான். அதற்கெல்லாம் அவனிடம் பதில் தயாராக இருந்திருக்கும். 'இப்படிப் பண்ணாத. கணக்கு நேராயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ' என்றான். நடிப்பு இல்லை, அவனை எனக்குத் தெரியும்.

'ஆம்ளிபயர் கணக்கு நேராயிருச்சு' என்றேன்.

'மாப்ள...'

'பேரு சொல்லிக் கூப்பிடு வேலப்பா. அத எனக்கு எழுதக் காட்டிக் குடுத்ததே நீதானே.'

கீழே இறங்கி நேராக மண்டிக்குப் போனேன். சீட்டுப் பிடிக்கிற தண்டாயுதபாணியிடம் எழுநூறையும் கொடுத்து, வரப்போகிற தவணைகளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 'என்னய்யா, லாட்டரி விழுந்துச்சா?' என்றார். பழைய பாக்கி ஒன்று வந்தது என்றேன். அவர் எண்ணி முடிக்கிறதற்குள் பூம்பாறை லாரி வந்து நின்றது. பூண்டு. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனேன்.